அட்மிஷன் கவுண்டரில் சொன்ன ஒரு "சரி"க்கு 44,000 ரூபாய்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வலி தாங்க முடியாமல் சுருண்டுவிட்டார், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு லேப்ராஸ்கோபி (சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்துவிடலாம், அட்மிஷன் போடுங்கள் என்றார்கள். அம்மா வீல்சேரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் கவுண்டரில் நின்றேன். "சார், ஷேரிங் ரூம் எதுவும் காலியில்ல, சிங்கிள் ஏசி தரட்டுமா, ஒரு நாளைக்கு 5,000" என்று கேட்டார் அங்கிருந்த பெண். நானும் சரி என்றேன்.

எங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியின் காப்புத்தொகை 3 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். இது எனக்கு முன்பே தெரியும். மேற்கொண்டு 2,000, நாலு நாளைக்கு 8,000 ரூபாய் கையிலிருந்து போகும், பரவாயில்லை, அம்மாவுக்கு ஏசியும் தனி பாத்ரூமும் கிடைக்கிறதே என்று மனக்கணக்குப் போட்டுத்தான் சரி சொன்னேன். அந்தக் கணக்கே தப்பு.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு வந்த பில் 1,58,000. அறைக்கு 20,000. டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், விசிட் எல்லாம் சேர்த்து 90,000. மருந்தும் மற்ற சாமான்களும் 31,000. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் 15,000. பதிவுக் கட்டணம், அட்மிஷன் கிட் வகையறா 2,000. இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தது 99,600. மீதி 58,400 ரூபாயை நீங்கள் கட்டுங்கள் என்று கவுண்டரில் தாளை நீட்டினார்கள். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று முதலில் சண்டைக்கே போய்விட்டேன். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த ஒரு தம்பி பொறுமையாக உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினான்.

விஷயம் இதுதான். பெரும்பாலான மருத்துவமனைகளில் அறையின் தரத்தைப் பொறுத்து மற்ற கட்டணங்களும் ஏறும். அதே டாக்டர், அதே தியேட்டர், ஆனால் ஷேரிங் அறைக்கு ஒரு ரேட், சிங்கிளுக்கு ஒரு ரேட். அதனால் கம்பெனிக்காரர்கள், 3,000 அனுமதி உள்ளவர் 5,000 அறையை எடுத்தால் அறையோடு சேர்ந்து வரும் கட்டணங்களிலும் ஐந்தில் மூன்று பங்கைத்தான் தருவார்கள். 90,000 ரூபாயில் 54,000 மட்டும் வந்தது. 36,000 அப்படியே போனது. அறை வாடகையில் போன 8,000-ஐயும் சேர்த்தால், நான் சொன்ன அந்த ஒரு "சரி"யின் விலை 44,000 ரூபாய். எதிலும் ஏமாற்று இல்லை, பாலிசியில் அச்சடித்தே இருக்கிறது. ஆனால் வலியில் துடிக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் அந்த ஒரு வரியைச் சொல்ல யாருமே இல்லை என்பதுதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து, தங்கையும் நானும் அந்தப் பில்லை மேசையில் விரித்து வைத்து விதிமுறைகளைத் தேடிப் படித்தோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது: மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த விகிதப் பிடித்தம் செய்யக் கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை ரேட் மாறாத மருத்துவமனை என்றால் இந்தப் பிடித்தமே கூடாது. எங்கள் பில்லில் பரிசோதனைக்கான 15,000-த்திலும் 6,000 கழித்திருந்தார்கள். பில் நகலை இணைத்து ஒரு மெயில் போட்டேன். பதில் வரவில்லை, இன்னொன்று போட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த 6,000 கணக்கில் வந்து சேர்ந்தது. வராமல் போயிருந்தால் அடுத்து காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று இருந்தோம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

மருந்துக் கணக்கில் கையுறை, முகக்கவசம் மாதிரியான சாமான்களுக்கு 6,400 போனது. பாலிசியிலேயே பட்டியல் இருக்கும், அது திரும்பி வராது. சில கம்பெனிகளில் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினால் அதையும் தருகிறார்கள்.

டிஸ்சார்ஜ் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு டாக்டர் வந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அம்மா புடவை மாற்றி, பிளாஸ்க்கும் துண்டும் பையில் கட்டி, கட்டில் விளிம்பில் செருப்பு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மூணு மணி வரை அப்படியே. இன்சூரன்ஸ் அப்ரூவல் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்று 2024-லிருந்து விதி இருக்கிறது. அன்றைக்கு நடந்தது வேறு. டிஸ்சார்ஜ் சம்மரி டைப் ஆகாமல் மருத்துவமனையிலிருந்து ஃபைல் போனதே ஒரு மணிக்குத்தான். அதனால் "அப்ரூவல் வந்ததா" என்று கேட்காதீர்கள், "ஃபைல் எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள்" என்று கேளுங்கள்.

அப்புறம், சர்க்கரை விஷயம். பாலிசி எடுத்தபோது ஏஜென்ட் "அம்மாவுக்குச் சுகர்னு எழுத வேண்டாம், பிரீமியம் ஏறும்" என்றார். தங்கை ஒப்புக்கொள்ளவே இல்லை, எழுதினோம். மருத்துவமனையில் முதல் கேள்வியே "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்பதுதான், அது கேஸ் ஷீட்டில் ஏறி நேரே கம்பெனிக்குப் போகிறது. மறைத்திருந்தால் மொத்த க்ளெய்மும் போயிருக்கலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாலிசி எடுத்த உடனே பணம் கிடைக்காது, ஆனால் அந்தக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று வருடம்தான், முன்பு நாலு. அதற்காகப் பொய் எழுதாதீர்கள், உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். எங்கள் தெருவில் தையல் தைக்கும் அக்கா வீட்டில் அந்த அட்டைதான் ஒரு இதய ஆபரேஷனைத் தாங்கியது.

நாங்கள் இந்த முறை புதுப்பிக்கும்போது அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசிக்கு மாறினோம். பழைய பாலிசியை விட்டுவிடாமல் முறைப்படி போர்ட் (அதன் சலுகைகளோடு புதியதற்கு மாற்றுவது) செய்ததால் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் வீணாகவில்லை. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் இல்லை என்பதால் கூடுதல் பிரீமியம் அவ்வளவு கடிக்கவில்லை.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்கு ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று தனி வரம்பு புது பாலிசியிலும் இருக்கிறது, பதினோராம் பக்கத்தில். எந்த லென்ஸ், என்ன விலை என்று எழுதித் தரச் சொல்லி மருத்துவமனையில் கேட்டிருக்கிறேன். தாள் கைக்கு வந்த பிறகுதான் தேதி குறிப்போம் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.