பூசகர் முதலில், ஆளுநர் பிறகு

ரோமானிய அரசியலர்களின் நினைவுக்கற்களில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது வெட்டியஸ் அகோரியஸ் பிரேடெக்ஸ்டாட்டஸ் என்பவருடையதைத்தான். கி.பி. 384ஆம் ஆண்டின் இறுதியில், மறு ஆண்டுக்கான கான்சலாக, அதாவது ரோமின் மிக உயர்ந்த பெருமைக்குரிய ஆட்சிப் பதவிக்கு, அறிவிக்கப்பட்டிருந்த நிலையில் அவர் இறந்தார். அந்தக் கல்லில் சமயப் பொறுப்புகளே முதலில் வருகின்றன: புள்நிமித்தம் பார்ப்பவர், வெஸ்டா தேவியின் பூசகர், சூரியனின் பூசகர், கிரேக்க ஊரான எலூசிஸின் மறைச்சடங்குகளில் (தீட்சை பெற்றவர்களுக்கு மட்டுமேயான இரகசியச் சடங்குகளில்) தீட்சை பெற்றவர், மித்ரா என்ற தெய்வத்தின் வழிபாட்டில் ‘தந்தையரின் தந்தை’ என்னும் உயர்நிலை பெற்றவர். இவையெல்லாம் முடிந்த பிறகுதான், ‘அரசுப் பணியிலோ’ என்ற தொடருடன், அக்கேயா என்ற கிரேக்க மாகாணத்தின் ஆளுநர், ரோம் நகரத் தலைமை அதிகாரி என மற்ற பதவிகள் தொடங்குகின்றன. கி.மு. 63இல் ஜூலியஸ் சீசர் தலைமைப் பூசகர் பதவியைப் பிடித்தது அரசியல் ஏணியில் ஒரு படியாக. இவரிடம் அந்த ஏணியே பின்னுக்குப் போய்விட்டது.

அதற்காக இவரை உலகியல் அறியாத பக்தர் என்று எண்ணிவிடக் கூடாது. 364இல் பேரரசர் வாலண்டினியன் இரவுநேரப் பலிகளைத் தடைசெய்தபோது, மறைச்சடங்குகள் இல்லாவிட்டால் கிரேக்கர்களுக்கு வாழ்க்கையே வாழத் தகாததாகிவிடும் என்று வாதிட்டு, அக்கேயாவில் அவை தொடர வழிசெய்தார். ரோம் ஆயர் பதவிக்காக டமாசஸ், உர்சினஸ் ஆகிய இருவரின் ஆதரவாளர்கள் மோதிக்கொண்டதில், ஒரே நாளில் ஒரு தேவாலயத்தில் 137 உடல்கள் கிடந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானஸ் எழுதுகிறார். 367இல் நகரப் பொறுப்பேற்ற பிரேடெக்ஸ்டாட்டஸ், உர்சினஸை வெளியேற்றி அமைதியை மீட்டார். கிறித்தவர்களின் சண்டையைத் தீர்த்தவர் பழைய தெய்வங்களின் பூசகர் என்பது எனக்கு இன்றும் வியப்பே. ‘என்னை ரோமின் ஆயராக்குங்கள், உடனே கிறித்தவனாகிவிடுகிறேன்’ என்று அவர் டமாசஸிடம் வேடிக்கையாகச் சொல்வாராம். இதைப் பதிவுசெய்த கிறித்தவ அறிஞர் ஜெரோம் அவர்மீது அன்பு கொண்டவர் அல்லர். பிரேடெக்ஸ்டாட்டஸ் இறந்ததும், அவருடைய மனைவி கற்பனை செய்வதுபோல விண்ணுலக மாளிகையில் இல்லை, இருளில் கிடக்கிறார் என்று எழுதினார்.

அந்த மனைவி ஃபேபியா பவுலினா. நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர், தாமும் பல மறைச்சடங்குகளில் தீட்சை பெற்றவர். நினைவுக்கல்லின் இன்னொரு பக்கத்தில் உள்ள செய்யுள் அவர் குரலில் பேசுகிறது. கணவரின் கல்வியையும் பெருமைகளையும் புகழ்ந்துகொண்டே வரும் அச்செய்யுள், ஓரிடத்தில் நின்று, ஆனால் இவையெல்லாம் சிறியவை என்கிறது. திருச்சடங்குகளில் கண்டறிந்ததை மனத்தின் மறைவில் காத்துவைத்தவர் நீங்கள் என்கிறது.