பிஎச்பி மாற்றியபோது ஏபிசிக்குப் பதிலாக என்ன போட்டேன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாகக் கொலுசு விற்பவர் ஒருவரின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெளியூர்க் கடைக்காரர்கள் அதில் மாடலும் எடையும் பார்த்து ஆர்டர் போடுவார்கள். தளம் நெடுங்காலமாக பிஎச்பி என்ற நிரல்மொழியின் 5.3 பதிப்பில், அதை வேகப்படுத்தும் ஏபிசி என்ற இணைப்பின் துணையோடு ஓடியது. சர்வர் வாடகைக்குத் தருகிறவர்கள் பழைய பதிப்புக்கு இனி இடமில்லை என்றதும், நேராக 8.2-க்குப் போக முடிவு செய்தோம். டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்க்யூஎல் அழைப்புகளையெல்லாம் பிடிஓ என்ற வேறு முறைக்கு மாற்றியது அலுப்பான வேலை, அவ்வளவுதான். யோசிக்க வைத்தது கேஷ், அதாவது அடிக்கடி தேவைப்படுவதை நினைவகத்தில் தயாராக வைத்திருப்பது.

ஏபிசி இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்துவந்தது. ஓடத் தயாராகக் கம்பைல் ஆன நிரலை நினைவகத்தில் வைத்திருப்பது ஒன்று. நாம் கொடுக்கும் தரவை வைத்திருப்பது இன்னொன்று. முதல் வேலைக்கு ஆப்கேஷ் இருக்கிறது. 2013-இல் வந்த 5.5 முதல் மொழியோடேயே சேர்ந்து வருகிறது. இயல்பாக ஒதுக்கும் 128 எம்பி எங்களுக்குத் தாராளம். இரண்டாவதற்குத்தான் ஏபிசியூ (ஏபிசியின் தரவுப் பகுதி மட்டும்), தனி சர்வர்களான மெம்கேஷ்டு, ரெடிஸ் என்று தேர்வு செய்ய வேண்டியிருந்தது.

கேட்டவர்கள் எல்லாரும் ரெடிஸ் என்றார்கள். தனியாக ஓடும், பல இயந்திரங்கள் பகிர்ந்துகொள்ளலாம், தேவைப்பட்டால் டிஸ்கிலும் எழுதி வைக்கும். சரி, ஆனால் எங்களிடம் இருப்பது ஒரே இயந்திரம். அங்கே ஏபிசியூதான் வேகம். சாக்கெட் வழியாக இன்னொரு புரோகிராமிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. நிரலிலும் பெரும்பாலும் அழைப்புகளின் பெயரை மாற்றினால் போதும். பழைய பெயர்களையே ஏற்கும் ஒரு இணைப்பு பிஎச்பி 7-க்கு இருந்தது, 8-க்கு இல்லை.

இடித்தது வெள்ளி விலைதான். “காலையில ஒரு ரேட்டு, மத்தியானம் ஒரு ரேட்டு. பழசு நிக்கக் கூடாதுங்க தம்பி” என்று கொலுசு விற்பவர் கறாராகச் சொல்லிவிட்டார். குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் மூலம் விலையை எடுத்து கேஷில் போடலாம் என்றால், கிரான் ஓடுவது வெப் பக்கத்துக்கு வெளியே, கட்டளை வரியில். அங்கே ஏபிசியூ இயல்பாக அணைந்திருக்கும். இயக்கினாலும் அதன் நினைவகம் வேறு. வெப் பக்கத்துக்கு அது தெரியவே தெரியாது.

ரெடிஸ் இதைத் தீர்த்திருக்கும். ஆனால் ஒரே ஒரு எண்ணுக்காக இன்னொரு சர்வரை நிறுவி, அப்டேட் செய்து, காவலும் காப்பதா? விலையை டேட்டாபேஸில் ஒற்றை வரி டேபிளில் வைத்தேன். ஒவ்வொரு பக்கமும் அதை நேரடியாகப் படிக்கிறது. பாரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஏபிசியூவில் இருப்பது மாடல், எடை, செய்கூலி மட்டும். தொகை காட்டும்போதுதான் பெருக்கிக் கணக்கிடுகிறோம்.

நிரல் கோப்பு மாறியதா என்று ஆப்கேஷ் அதன் நேரத்தைச் சோதிப்பதை நிறுத்திவிட்டேன். அதனால் புது நிரல் ஏற்றினால், வெப் பக்கங்களுக்காக பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மை ரீலோட் செய்கிறேன், அப்போது ஏபிசியூவும் காலியாகிவிடும். தீபாவளி ஆர்டர் நேரத்தில் பகலில் நான் அதைத் தொடுவதில்லை. இரண்டாவது இயந்திரம் வாங்கினால் ரெடிஸுக்குப் போக வேண்டிவரும். கேஷ் அழைப்புகள் எல்லாம் ஒரே கிளாஸுக்குள் இருப்பதால் அந்த ஒரு கோப்பை மாற்றினால் போதும்.