ஆர்கன் குழலுக்கு வாய்தான் எல்லாம்

தேவாலய பைப் ஆர்கனைப் பார்க்கிறவர்களின் கண் முதலில் குழல்களின் உயரத்துக்குத்தான் போகும். உயரம் சுருதியைத் தீர்மானிக்கும், அவ்வளவே. கீழ் ஸி (C) சுரத்துக்குத் திறந்த குழல் சுமார் 8 அடி. மேல்முனையை மூடிவிட்டால் 4 அடியே போதும். நாதத்தின் குணத்தை விட்டமும், குழலின் கீழ்ப்பகுதியில் வெட்டிய திறப்பான வாயும்தான் முடிவு செய்கின்றன.

நீளம் ஸ்தாயிக்கு ஸ்தாயி பாதியாகிறதே என்று விட்டத்தையும் பாதியாக்கினால் மேல் சுரங்கள் மெலிந்து கீச்சிடும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வைமாரில் இருந்த ஆர்கன் கலைஞர் டோப்ஃபர் போட்ட கணக்குப்படி விட்டம் 17ஆவது குழலில்தான் பாதியாகும். 8 அடி ஸி 155.5 மி.மீ. என்றால், அடுத்த ஸி சுமார் 92 மி.மீ.

தகடு வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. உருக்கிய கலவையை மரப்பெட்டியில் ஊற்றி, நீண்ட மேசைமேல் பெட்டியை ஒரே வேகத்தில் இழுத்துப் போக வேண்டும். கை தயங்கிய இடத்தில் தகடு தடித்துவிடும். இரண்டும் ஏறக்குறைய சரிபாதி என்றால், ஆறும்போது புள்ளிபுள்ளியாகப் பூத்து வருவது காண அழகு. தகட்டைச் சுருட்டிப் பற்றவைக்கும் முன், இணைப்பின் இருபக்கமும் சுண்ணத்தூளும் பசையும் கலந்த பூச்சு அவசியம். பற்றாசும் தகடும் ஏறத்தாழ ஒரே சூட்டில் உருகுபவை. பூச்சு இல்லாவிட்டால் பற்றாசு கண்ட இடமெல்லாம் ஓடும்.

இனிதான் குழலைப் பேசவைக்கும், அதாவது சரியாக ஒலிக்கவைக்கும் வேலை. புல்லாங்குழலில் நம் உதடு செய்வதை இங்கே வாயின் கீழுதட்டுக்கும், அந்த மட்டத்தில் குழலுக்குள் குறுக்கே கிடக்கும் உள்தகட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கு செய்கிறது. பிரதான குழல்களில் வாயின் அகலம் பெரும்பாலும் சுற்றளவில் கால் பங்கு, வாயின் உயரம் அந்த அகலத்தில் கால் பங்கு. மேலுதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, காதால் கேட்டுக்கேட்டு வெட்ட வேண்டும். அதிகம் வெட்டினால் நாதம் மழுங்கும்; புதிதாக உதடு வைத்துப் பற்றவைப்பதைத் தவிர வழியில்லை. உள்தகடு இம்மி நகர்ந்தாலும் குழல் தாமதமாகப் பேசும், அல்லது மேல் ஸ்தாயிக்குத் தாவும். உள்தகட்டு விளிம்பில் கீறல் போட்டால் தொடக்கத்தின் 'சுக்' ஒலி அடங்கும். 19ஆம் நூற்றாண்டில் அதை ஆழமாகவே போட்டார்கள். அது குழலின் பேச்சையே சப்பையாக்கிவிடுகிறது என்பது என் கருத்து.

இதெல்லாம் தீர்மானித்த காற்றழுத்தத்தில், உதாரணமாக 75 மி.மீ. உயர நீரைத் தாங்கும் அழுத்தத்தில், செய்ய வேண்டியது. பிறகு யாராவது அழுத்தத்தை மாற்றினால் எல்லாக் குழலையும் மறுபடி பேசவைக்க வேண்டும்.

குழல்கள் நிற்கும், அவற்றுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் காற்றுப்பெட்டி தரும் தொல்லை வேறு. குளிர்காலத்தில் ஆலயத்தைச் சூடாக்கினால் மரம் காய்ந்து சுருங்கும், வெடிக்கும். காற்று பெட்டிக்குள் பக்கத்து அறைக்குக் கசிந்து, அழுத்தாத கட்டையின் குழலும் முனகும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கு எளிதில் படாது. ஜெர்மனியின் லூபெக் நகரில் புனித யாக்கோபு ஆலயத்தில் 1637இல் ஆர்கன் தயாரிப்பாளர் ஸ்டெல்வாகன் விரிவாக்கிய ஆர்கனில், காரீயம் மிகுந்த பழைய குழல்களின் பாதம் (வாய்க்குக் கீழுள்ள கூம்புப் பகுதி) அரித்துப்போனது. காற்றுப்பெட்டியின் ஓக் மரத்திலிருந்து கசிந்த அசிட்டிக் அமில ஆவி, காற்றோடு பாதத்துக்குள் ஏறியதுதான் காரணம். பராமரிப்பின்போது சில குழல்களைக் கழற்றி, பாதத்தின் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி தென்பட்டால், குழலைச் சீர்செய்வதற்கு முன் மரத்தைக் கவனிக்க வேண்டும்.