கல்முனையில் இல்லாத கல்முனை சேர்வர்

எங்கள் நெட்வேர்க்கைக் கண்காணிக்கிற லிப்ரெஎன்எம்எஸ் சேர்வர் முதலில் கல்முனைக் கிளையில்தான் இருந்தது, அதனால் அதற்குக் 'கல்முனை-மொன்' என்று பெயர். பிறகு மட்டக்களப்புக்குக் கொண்டுவந்துவிட்டோம், பெயர் மட்டும் அப்படியே கிடந்தது. களுவாஞ்சிக்குடி லைன் போனாலும் மெயில் கல்முனை பெயரில் வரும், மனேஜர் கல்முனைக் கிளையில் வேலை செய்கிற தம்பிக்கு கோல் எடுப்பார், அவன் எனக்கு எடுப்பான்: "அண்ணன், இங்க எல்லாம் வேலை செய்யுது, நித்திரை கொள்ள விடுங்க."

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தப் பெயரை மாற்ற உட்கார்ந்தேன். சேர்வரில் ஓடுகிற உபுண்டுவில், பெயர் மாற்றுகிற ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையைக் கொடுத்ததும் பெயர் மாறிவிட்டது, இவ்வளவுதானா என்று நினைத்தேன். அட்மின் உரிமையோடு ஓட்டுகிற அடுத்த சுடோ கட்டளைக்கே புதுப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று முறைத்தது. எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைலில், சேர்வர் தன்னையே குறிக்கிற 127.0.1.1 வரியில் பழைய பெயர்தான் இருந்தது. அதை மாற்றி, ரீபூட் செய்து பார்த்தால் மறுபடியும் கல்முனை! பூட் ஆகும்போது செட்டிங்ஸைப் போடுகிற கிளவுட்-இனிட்டின் வேலை அது. அதன் ஃபைலில் பிரிசேர்வ் ஹோஸ்ட்நேம் என்ற வரியை ட்ரூ ஆக்கிய பிறகுதான் அடங்கியது.

கிளை ரௌட்டர்கள் எதுவும் அசையவில்லை, கண்காணிப்புக்குத் தகவல் கேட்கிற எஸ்என்எம்பி முறைக்கு அவை ஐபியைப் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கின்றன, ஐபி மாறவில்லையே.

எனக்குப் பயம் கிராஃப்களைப் பற்றித்தான். இந்த சேர்வர் தன்னையும் கண்காணிக்கிறது, அதுவும் பழைய பெயரில். டிலீட் செய்துவிட்டுப் புதுப் பெயரில் சேர்க்கலாம் என்று மௌஸைக்கூட அங்கே கொண்டுபோய்விட்டேன், நல்லவேளை கை நின்றது. கிராஃப்களின் தரவு இருக்கிற ஆர்ஆர்டி ஃபைல்கள் ஒவ்வொரு கருவிக்கும் அதன் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் கிடக்கும், டிலீட் கொடுத்தால் சேர்த்து வைத்த அத்தனையும் போய்விடும். அதற்கென்றே ரினேம்ஹோஸ்ட் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் கொடுத்தால் டேட்டாபேஸ், ஃபோல்டர் இரண்டையும் அதுவே மாற்றிவிடும். ரூட்டாக, அதாவது முழு அட்மினாக, இல்லாமல் லிப்ரெஎன்எம்எஸ் யூசராக ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பெர்மிஷனோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

பிரௌசரில் புதுப் பெயரை அடித்தால் வெப் சேர்வரான என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம் வந்து நின்றது. அதன் சேர்வர்நேம் வரியையும், லிப்ரெஎன்எம்எஸின் செட்டிங்ஸ் இருக்கிற என்வ் ஃபைலில் உள்ள ஆப்-யூஆர்எல் என்ற தள முகவரியையும் மாற்றினேன். சேர்வரில் எஸ்என்எம்பி கேள்விகளுக்குப் பதில் சொல்கிற எஸ்என்எம்பிடியையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், தொடங்கும்போது எடுத்த பெயரைத்தான் அது சொல்லிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரி என்று, மேசைக்குக் கீழே இருந்த சின்ன சுவிட்சின் கேபிளைக் கழற்றிவிட்டுப் பிளேன்டீயோடு காத்திருந்தேன். கருவிகளைக் கேட்டுப் பார்க்கிற போலிங் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, அந்த 5 நிமிடம் போகவே மாட்டேன் என்கிறது. மெயில் வந்தது, கல்முனை-மொன் பெயரில்! அலர்ட் செட்டிங்ஸில் அனுப்புநர் முகவரியை முன்னொரு நாள் நானே கையால் எழுதி வைத்திருக்கிறேன். இவ்வளவு வேலையும் எதற்காகச் செய்தேனோ, அதையே மறந்துபோயிருக்கிறேன். உடனே மாற்றினேன்.

அதற்குள் அந்த மெயிலைப் பார்த்துவிட்டு மனேஜர் கல்முனைக்கு கோல் எடுத்திருந்தார்.