முதுகில் ஏறிய ரேடியேட்டர்

வாளையார் பக்கம் நண்பரின் தோப்பில் மழைநீர் தேங்கிய குட்டை ஒன்றில் ஜீப்போடு இறங்கினேன். தண்ணீர் பானட் விளிம்பைத் தொட்டது. ஆழத்தில் இறங்கும் முன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது ஜீப்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். அன்று எனக்கு அவசரம். தண்ணீரைத் தள்ள முயன்ற விசிறியின் இதழ்கள் முன்னோக்கி வளைந்து, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல, எஞ்சின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டரில் ஓர் அரைவட்டத்தைக் கீறிவிட்டன. கரையேறிப் பானட்டைத் திறந்தால், குளிர்விக்கும் திரவமான பச்சைக் கூலன்ட் சேற்றோடு சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வண்டி, மஹிந்திரா எம்எம் 540. 2112 சிசி பியூஜோ டீசல் எஞ்சின். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத, கையால் தொட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய வண்டி. அதற்கு முன்பும் இரண்டு முறை ரேடியேட்டரால் பாதியில் நின்றிருக்கிறேன். கரிசல் சேறு ரேடியேட்டரின் மெல்லிய உலோகச் செதில்களுக்குள் புகுந்து, எஞ்சின் சூட்டிலேயே வெந்து செங்கல்லாகிவிடும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் செதில்கள் மடிந்து, இருக்கிற வழியும் அடைபடும். போதாக்குறைக்கு முன்னால், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் வேறு உட்கார்ந்துகொண்டு காற்றை மறைத்தது. மூன்றாவது முறையாக ரேடியேட்டருக்கு ஈயம் வைக்கப் போவதற்குப் பதிலாக, அதை வண்டியின் பின்பக்கம் கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தேன். போட்டி வண்டிகள் பலவற்றில் செய்வதுதான்.

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் கேட்டதும் சிரித்தார். "ஏனுங்க தம்பி, மூக்கை அறுத்து முதுகில் ஒட்டினால் மூச்சு வருமா?" என்றார். அது வேடிக்கைக்குச் சொன்னது. அடுத்த மூன்று வாரங்களில் நாங்கள் பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது என்பது அப்போது இருவருக்கும் தெரியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. என் ஜீப் இப்போது சாலையில் ஓடுவதில்லை. தனியார் நிலத்துக்கு டாடா 407 லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறேன். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் ஜீப்பில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உக்கடத்தில் பழைய சாமான் கடைகளை அலசி, சிறிய லாரி ஒன்றின் பித்தளை ரேடியேட்டரை வாங்கினேன். 60 சென்டிமீட்டர் அகலம், 45 உயரம். அலுமினியம் எடை குறைவுதான். ஆனால் பித்தளையில் ஓட்டை விழுந்தால் எந்த ஊரிலும் ஈயம் வைத்துவிடலாம். பின்சீட்டைக் கழற்றி, வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டான ரோல் கேஜின் பின்கால்களுக்கு நடுவே, ரப்பர் புஷ் வைத்துச் சற்றுச் சாய்வாகப் பொருத்தினோம். ரேடியேட்டரை இறுக்கமாக முடுக்கக் கூடாது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் முறுக்கும்போது அதுவும் சேர்ந்து முறுக்கினால் மூலைகளில் பற்று விட்டுவிடும்.

அடுத்தது குழாய். உள்விட்டம் 35 மில்லிமீட்டர் உள்ள ஸ்டீல் குழாய், போக 3 மீட்டர், வர 3 மீட்டர். சைலன்சர் ஓடும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கச் சேஸிஸின் உட்புறமாக, பிரேக் குழாயைத் தொடாமல் கொண்டுபோனோம். இரு முனைகளிலும் ஓர் அடி நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். எஞ்சின் தன் மவுன்ட்டில் ஆடும், சேஸிஸ் ஆடாது. நடுவில் நெளிந்துகொடுக்க ஏதாவது இருந்தாக வேண்டும். ஹோஸ் மாட்டும் குழாய் முனைகளில் லேத்காரரிடம் சொல்லி ஒரு மேட்டு வளையம் எழுப்பச் சொன்னேன். வழவழப்பான முனையில் எத்தனை கிளிப் போட்டாலும் அழுத்தம் ஏறியதும் ஹோஸ் நழுவிவிடும். இந்த ஆறு மீட்டர் குழாய் மட்டும் கிட்டத்தட்ட 5.8 லிட்டர் கூலன்ட் குடிக்கிறது.

பட்டறைக்கு வந்த ஒவ்வொருவரும், "பழைய வாட்டர் பம்ப் அவ்வளவு உயரத்துக்கு ஏற்றாது" என்று பயமுறுத்தினார்கள். இது தவறு. மூடிய சுற்றில் ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீரின் எடை சரிக்கட்டிவிடும், கிணற்று உருளையின் இருபுறமும் வாளி கட்டியதுபோல. பம்ப் வெல்ல வேண்டியது குழாயின் உராய்வை மட்டுமே. அதனால் கூர்மையான வளைவுகளைத் தவிர்த்தோம். தனியாக மின்சாரப் பம்ப் எதுவும் போடவில்லை. இன்றுவரை தேவைப்படவும் இல்லை.

எஞ்சின் விசிறியைக் கழற்றிவிட்டுப் பின்னால் இரண்டு 12 அங்குல மின்விசிறிகளைப் போட்டோம். முதலில் அவற்றை நேரடியாகச் செதில்கள்மேலேயே கட்டினேன். வெயிலில் அரைமணி நேரம் நிறுத்தி ஓடவிட்டதில் வெப்பமானியின் முள் ஏறிக்கொண்டே போனது. இரவு வீட்டில் காகிதத்தில் கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. ரேடியேட்டரின் பரப்பு 2700 சதுர சென்டிமீட்டர்; இரண்டு விசிறி வட்டங்களும் சேர்ந்தால் ஏறத்தாழ 1460. கிட்டத்தட்டப் பாதிச் செதில்கள் வேலையின்றிச் சும்மா நின்றிருக்கின்றன. தகரத்தை மடித்து ஒரு கூடு செய்து, விசிறியைச் செதில்களிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்ததும் முழுப் பரப்பின் வழியாகவும் காற்று வந்தது.

காற்று வந்த திசைதான் தவறு. பின்னாலிருந்து இழுத்து முன்னால் தள்ளும்படி மாட்டியிருந்தேன். வண்டி நகர்ந்ததும் பின்சக்கரம் கிளப்பிய புழுதி மொத்தமும் செதில்களுக்குள் போனது. வெந்த காற்று என் பிடரியில் அடித்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததுபோல இருந்தது. வயரை மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும் என்று பட்டறைப் பையன் சொன்னான். சுற்றத்தான் செய்தது. ஆனால் இதழ்களின் வளைவு பழைய திசைக்கானது என்பதால் காற்றில் பாதி காணாமல் போனது. கடைசியில் இதழ்களைக் கழற்றித் திருப்பி மாட்டினோம். இப்போது உள்ளேயிருந்து இழுத்துப் பின்னால் தள்ளுகிறது. பக்கத் தார்ப்பாய்களைச் சுருட்டிக் கட்டினால்தான் உள்ளே காற்று வரும் என்பது அதன் கிளைப் பிரச்சினை. மழையில் நனைகிறேன், அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் எஞ்சினைக் கிட்டத்தட்டக் கொன்றேன்.

கூலன்ட் நிரப்பிய அன்று எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. பின்னால் ரேடியேட்டர் மூடி வழியாக ஊற்றினோம், கழுத்துவரை நிறைந்தது. எஞ்சினை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது வெப்பமானியின் முள் 70-இல் சாதுவாக நின்றிருந்தது. எனக்கு ஒரே பெருமை. மெக்கானிக் அண்ணன் மட்டும் மூக்கைச் சுளித்தார். பெயின்ட் கருகும் வாடை. முன்னால் இருந்த ஹோஸைத் தொட்டேன்: சில்லென்று இருந்தது. சூடு ஏறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட், 82 டிகிரியில் திறக்க வேண்டியது. முள் 70 காட்டுவதால் இன்னும் திறக்கவில்லை போலும் என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் விரல்நுனியில் தண்ணீர் தொட்டு எஞ்சின் தலைமேல் தெளித்தார். தோசைக்கல்லில் தெளித்தால் எப்படியோ அப்படி, அந்தச் சொட்டு சீறி மறைந்தது. பாய்ந்துபோய் எஞ்சினை நிறுத்தினேன். வெப்பத்தை அளக்கும் துப்பாக்கியைப் பிடித்தால் 118 காட்டியது.

முள் காட்டியது தண்ணீரின் சூட்டை இல்லை. நம் குழாய் வழியில் இரண்டு மேடுகள்: முன்னால் எஞ்சின் தலை, பின்னால் ரேடியேட்டர். நடுவில் சேஸிஸுக்கு அடியில் ஒரு பள்ளம். பின்மேட்டில் ஊற்றிய தண்ணீர் பள்ளத்தில் இறங்கி முன்மேட்டில் ஏறப் பார்க்கும்போது, அங்கிருந்த காற்று வெளியேற வழியின்றி மாட்டிக்கொண்டது. வெப்ப உணரியின் முனை அந்தக் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று, உலோகத்தின் சூட்டைத் தண்ணீர்போல வாங்கிக் கொடுக்காது. தெர்மோஸ்டாட்டும் அதே காற்றில் கிடந்ததால் திறக்கவில்லை. செதில்களில் காற்று போதவில்லை என்று இரண்டு வாரம் மல்லுக்கு நின்றவன், குழாய்க்குள் இருந்த காற்றை மறந்துபோனேன். எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போகாமல் தப்பியது முன்னோர் செய்த புண்ணியம்.

முழுதாக ஆறவிட்டு, மறுநாள் மூன்று வேலைகள் செய்தோம். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் 3 மில்லிமீட்டர் துளை, மேல்பக்கம் வரும்படி. அதன் கூட்டின் உச்சியில் ஒரு பித்தளைத் திருகு. அந்தத் திருகுக்குப் பக்கத்திலிருந்து 8 மில்லிமீட்டர் ஹோஸ் ஒன்றை ரோல் கேஜின் உச்சியில் கட்டிய சிறு தொட்டிவரை கொண்டுபோனோம். இப்போது வண்டியில் மிக உயரமான இடம் அந்தத் தொட்டிதான். காற்று எங்கே பிறந்தாலும் அங்கே போய்ச் சேர வேண்டும். அழுத்த மூடியும் அங்கேயே. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, பித்தளைத் திருகைத் தளர்த்தி, புனல் வைத்துச் சிறிது சிறிதாக ஊற்றினோம். திருகு வழியாக முதலில் மூச்சு, பிறகு நுரை, பிறகு நூல்போலத் தண்ணீர். முடுக்கினோம். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முதல்முறை நிரம்பியதாக நினைத்ததைவிட மூன்று லிட்டருக்குமேல் கூடுதலாக இறங்கியது.

கீழே சிந்திய கூலன்ட்டைப் பட்டறை நாய் நக்க வந்தது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தரையைக் கழுவினோம்.

மின்சாரத்தில் ஒரே ஒரு தவறுதான். இரண்டு விசிறிகளும் சேர்ந்து 25 ஆம்பியர் இழுத்தன. கையில் கிடைத்த 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டதில், பின்னால் போய்ச் சேரும்போது ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைந்தது. 6 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றி, விசிறிக்கு ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ் என்று பிரித்துக் கொடுத்தேன். ஆல்டர்னேட்டரையும் பெரிதாக்க வேண்டியிருந்தது. தண்ணீரில் இறங்கும்போது விசிறிகளை நிறுத்த, டேஷில் தனி சுவிட்ச். பழைய பாடத்தை இம்முறை மறக்கவில்லை.

ஓட்டுநர் முதுகுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அலுமினியத் தகடு அடித்தோம். வண்டி கவிழ்ந்து ஹோஸ் பிய்ந்தால், கொதிக்கும் கூலன்ட் நேராக என்மேல்தான் வரும். இந்தத் தகட்டைப் போடாமல் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தைரியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. எடை விஷயத்திலும் ஒரு குறை இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 91 அங்குலமே உள்ள ஜீப், செங்குத்தான ஏற்றத்தில் ஏற்கெனவே முன்காலைத் தூக்கும். முன்னால் இருந்த எடையைப் பின்னால் கொண்டுபோனால் இன்னும் தூக்கும். முன்னால் வின்ச் இருப்பதால் சமாளிக்கிறேன்.

சென்ற மாதம் அதே தோப்பு, அதே குட்டை. நண்பகல் வெயிலில் சேற்றில் இருபது நிமிடம் உழன்றது வண்டி. கரையேறியதும் எஞ்சினை நிறுத்தாமல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் குழாய் 91, ரேடியேட்டரிலிருந்து திரும்பும் குழாய் 78. முன்கிரில் முழுவதும் சேறு அப்பியிருந்தது. அதற்குப் பின்னால் இப்போது அடைத்துக்கொள்ள எதுவும் இல்லை. மெக்கானிக் அண்ணன் முன்பக்கம் பார்க்கவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பின்ஹோஸ் கிளிப்பில் துளிர்த்திருந்த ஒரு சொட்டை விரலால் துடைத்துக் காட்டிவிட்டு, ஸ்குரூ டிரைவர் கேட்டுக் கையை நீட்டினார்.