பனிக்காலத்தில் பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்: ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 5

குளிர்கால டயர்களை இன்று மாட்டியாயிற்று. பனி இன்னும் விழவில்லை. விழட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கினாலே கோடை டயரின் ரப்பர் விறைத்துக்கொள்ளும். காய்ந்த சாலையில்கூடப் பிடிப்பு குறையும். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே வரும் கோடை டயர்களில் சில, கடுங்குளிரில் உருண்டால் வெடிப்பு விடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

என்னுடையது மாஸ்டா எம்எக்ஸ்-5, எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே போகும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். கோடையில் 205/45 ஆர்17, குளிர்காலத்தில் 195/50 ஆர்16 (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம்). இரண்டுமே இந்த மாடலுக்குக் கம்பெனி கொடுக்கும் அளவுகள்தாம். அகலமான டயர் பனியின் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். ஒல்லியானது அதை வெட்டிக்கொண்டு தரையைத் தேடும். அழகு பார்க்கிறவர்களுக்குச் சின்ன ரிம் பிடிக்காது. எனக்கு இந்த மாதங்களில் அதுதான் அழகு.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். சேறும் பனியும் (mud and snow) என்பதைக் குறிக்கும் வெறும் ‘எம்+எஸ்’ எழுத்து போதாது. அதைப் போடுவதற்குப் பனியில் சோதித்துத் தேற வேண்டிய அவசியமில்லை. அப்புறம், நாலு டயரையும் மாற்ற வேண்டும். இழுப்பது பின்சக்கரம்தானே, பின்னால் இரண்டு போதுமே என்று சிலர் கேட்கிறார்கள். வண்டியைத் திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பாரத்தைத் தாங்குவதும் முன்சக்கரங்கள். அவற்றைக் கோடை ரப்பரில் விட்டுவைப்பது பெரிய ஆபத்து.

நவம்பர் 20

காற்று பார்த்தேன். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) குறையும். வண்டியை எடுப்பதற்கு முன், டயர் சூடேறாதபோதே அளக்க வேண்டும்.

டிசம்பர் 2

முதல் கனத்த பனி. முன்பே அனுமதி கேட்டு வைத்திருந்த ஒரு தனியார் மைதானத்துக்குப் போனேன். கம்பமோ நடைபாதை விளிம்போ இல்லாத பெரிய வெளி. ஒவ்வொரு குளிர்காலத்தின் தொடக்கத்திலும் இதைச் செய்துவிட்டுத்தான் நான் சாலைக்குப் போவேன். பின்சக்கர வண்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் இதை மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்: உங்கள் வண்டியின் பின்பக்கம் முதல்முறை விலகுவது எதிரே லாரி வரும் வளைவாக இருக்கக் கூடாது.

டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரே கையிருப்பு. அதிலிருந்துதான் தள்ளுவதற்கும், நிறுத்துவதற்கும், பக்கவாட்டில் நிற்பதற்கும் எடுக்க வேண்டும். பின்சக்கர வண்டியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின் டயர்கள் அந்தக் கையிருப்பைத் தள்ளுவதற்கே செலவழித்துவிடும். பக்கவாட்டில் பிடிக்க மிச்சம் இருக்காது, வால் வெளியே போகும். காய்ந்த சாலையில் இந்தக் கையிருப்பு ஏராளம் என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. பனியில் மிதிவண்டி வேகத்திலேயே எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வண்டியைப் பனியில் ஓட்டுவது எனக்கு இவ்வளவு பிடித்திருப்பதும் இதனால்தான். பாதத்தின் சிறு அசைவுக்கும் பின்னால் ஒரு பதில் வருகிறது, அது இடுப்பில் தெரிகிறது.

வால் விலகினால், வண்டி போக வேண்டிய திசையைக் கண் பார்க்க வேண்டும். கை தானாக அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடக் கூடாது, ஏனென்றால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகிவிடும். மெல்லத் தளர்த்த வேண்டும். பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். பின் டயர் மறுபடி பிடித்ததும் ஸ்டியரிங்கை அதே வேகத்தில் நேராக்க வேண்டும். தாமதித்தால் வால் எதிர்ப்பக்கம் வீசும், அந்த இரண்டாவது வீச்சு முதலாவதைவிடக் கடுமையானது.

வண்டி சறுக்கினால் தானாகத் திருத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை நிறுத்தியும் பார்த்தேன், போட்டும் பார்த்தேன். சாலையில் அது எப்போதும் போட்டபடிதான் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் கொடுக்க அதனால் முடியும். எந்தக் காலாலும் முடியாது.

டிசம்பர் 4

டிக்கியில் மணல் மூட்டை போடுகிறாயா என்று நண்பர் கேட்டார். பின்பக்கம் காலியாக, லேசாக இருக்கும் பிக்கப் வண்டிகளுக்கு அது உதவும். என் வண்டியில் எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்டப் பாதிப்பாதி. டிக்கி இருப்பதோ பின் அச்சுக்கும் பின்னால். அங்கே மூட்டை ஏற்றினால் புறப்படும்போது கொஞ்சம் பிடிப்பு கூடும், ஆனால் வால் வீசத் தொடங்கினால் அந்த எடையே அதை இழுத்துக்கொண்டு போகும். நான் ஒரு சின்ன மண்வாரியும், சக்கரத்தடியில் தூவக் கொஞ்சம் மணலும், இழுவைக் கயிறும் மட்டும் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 18

இன்று வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி நின்றது. மைனஸ் 15 டிகிரியைவிட இந்த நாளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கடுங்குளிரில் ஐஸ் காய்ந்து கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அதன் மேல் ஈரம் படர்ந்துவிடும், அதைவிட வழுக்கல் எதுவும் இல்லை.

நாலு சக்கரமும் இழுக்கும் ஆல்-வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் என்னைக் கடந்து வேகமாகப் போகிறார்கள். புறப்படுவதில் அவர்களுக்குச் சலுகை உண்டு, மறுக்கவில்லை. நிறுத்துவதில் இல்லை. எல்லாக் காரிலும் பிரேக் நாலு சக்கரத்துக்கும்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் காய்ந்த சாலையில் 12 மீட்டர் போல ஆகும். இறுகிய பனியில் உராய்வுக் கெழுவை (பிடிப்பைச் சொல்லும் எண், குறைந்தால் வழுக்கல் அதிகம்) 0.2 என்று வைத்துக் கணக்கிட்டால் 49 மீட்டர், ஐஸில் 0.1 என்றால் 98 மீட்டர். மிதிக்க முடிவெடுக்கும் நேரம் இதில் சேரவில்லை. பின்சக்கர வண்டி புறப்படும்போதே சாலை வழுக்குவதைச் சொல்லிவிடுகிறது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி அந்தச் செய்தியை முதல் பிரேக் வரைக்கும் ஒளித்து வைக்கலாம்.

ஜனவரி 8

வெளியே போகவில்லை. குளிர்கால மலைச் சாலைகளில் நடக்கும் கார் பந்தயமான மான்டே கார்லோ ராலியின் பழைய முடிவுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். 1968, 1969, 1970 மூன்று ஆண்டுகளும் ஜெயித்தது போர்ஷே 911. எஞ்சினே பின் அச்சுக்கு அந்தப் பக்கம் தொங்கும் பின்சக்கர வண்டி! 1975 முதல் 1977 வரை லான்சியா ஸ்ட்ராட்டோஸ். எனக்கு மிகவும் பிடித்தது 1982. நாலு சக்கரமும் இழுக்கும் ஆடி குவாட்ரோ வந்தாயிற்று. இனி மற்றவர்கள் கதை முடிந்தது என்று தோன்றும் நேரம். வால்டர் ரோர்ல் பின்சக்கர ஓப்பல் அஸ்கோனா 400-ஐ வைத்து ஜெயித்தார். அந்த ஆண்டின் ராலி ஓட்டுநர்களுக்கான உலகப் பட்டத்தையும் வாங்கினார். மறு வருடம் லான்சியா 037, அதுவும் பின்சக்கரம்தான், மறுபடி மான்டே கார்லோ வெற்றி. இதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது.

ஜனவரி 19

ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது. வண்டியை எடுக்கவில்லை. இந்த வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர்கூட இல்லை. அதைவிட ஆழமான பனியில் போனால் பம்பர் பனியைத் தள்ளிக்கொண்டே போகும், கடைசியில் வயிறு பனி மேல் ஏறி உட்கார்ந்து சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும். டயரும் உதவாது, திறமையும் உதவாது. சாலை சுத்தமாகும் வரை பொறுக்க வேண்டியதுதான்.

துணிக் கூரை மேல் இருந்த பனியை மெத்தென்ற பிரஷால் தள்ளினேன். சுரண்டியை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. புகைபோக்கிக் குழாயைச் சுற்றியும் பனியை அகற்றினேன். அது அடைபட்ட நிலையில் எஞ்சினை ஓட விட்டு உள்ளே உட்கார்ந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து உயிரையே எடுத்துவிடும்.

பிப்ரவரி 3

மேட்டுச் சாலை. இரண்டாவது கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் புறப்பட்டேன், ஏறியது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உதவுகிறது. ஒரு சக்கரம் ஐஸில் இருந்தாலும் மற்றது தள்ளுகிறது. ஆனால் இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழன்றால் வால் சுலபமாக ஒதுங்கும். அதற்கும் கால் தயாராக இருக்க வேண்டும்.

இறங்குவதுதான் கவனம் வேண்டிய வேலை. இறக்கத்தின் நடுவில் கியரைக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டால், எஞ்சினின் இழுப்பு பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கும். ஹேண்ட்பிரேக் இழுத்ததற்கு ஒப்பு. உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுகிறேன். நடுவில் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டு எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்தோடு ஒத்துப்போகச் செய்தபிறகு கிளட்சை விடுகிறேன்.

பிப்ரவரி 22

அடிப்பாகத்தைக் கழுவினேன். சாலையில் போடும் உப்புதான் இந்த வண்டிக்குப் பனியைவிடப் பெரிய எதிரி. உப்போடு கொண்டுபோய்க் கதகதப்பான கராஜில் நிறுத்தினால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். சக்கர வளைவுகளின் உட்பக்கம், கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டின் நீர்த்துளைகள், இவற்றில் சேறு அடைந்திருக்கிறதா என்று விரலால் பார்த்தேன்.

மார்ச் 16

மதியம் வெயில். ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டுக் கூரையைத் திறந்தே ஓட்டினேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் காலையில் இன்னும் பாலங்களின் மேல் ஐஸ் இருக்கிறது. தரை வெப்பம் எட்டாததால் பாலம்தான் முதலில் உறைகிறது. ஆகவே டயர்கள் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

டயர் கோடுகளின் ஆழம் அளந்தேன்: பின்னால் 6 மில்லிமீட்டர், முன்னால் 7. நாலுக்குக் கீழே போனால் பனியில் நம்ப முடியாது. கழற்றும்போது எது எங்கே இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வைக்க வேண்டும். ஆழம் அதிகமுள்ள ஜோடி அடுத்த நவம்பரில் பின்னால் போகும்.