பஜ்ஜி எண்ணெயில் இலை வண்டி ஓடுமா?

பசுந்தேயிலை ஏற்றுகிற இலை வண்டி ஓட்டுகிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ மறுபடியும் சுற்றுகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் பழைய பென்ஸ் காரின் டேங்கில் சமையல் எண்ணெயைக் கேன் கேனாக ஊற்றுகிறார், சாவியைத் திருகுகிறார், வண்டி கிளம்பிவிடுகிறது. அதற்குக் கீழே வரிசையாக ஒரே கேள்விதான், நம்ம வண்டிக்கும் ஊற்றலாமா? கேட்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கிறது, பசுந்தேயிலை விலை ஏறுகிற மாதிரி ஏறி இறங்கிவிடுகிறது, இந்த நிலைமையில் வாடகையைக் கூட்டிக் கேட்டால் அந்தச் சிறு விவசாயி எங்கே போவார். கோத்தகிரியில் வண்டி வைத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் இருக்கிற நெருக்கடி இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போனில் சொல்வதைவிட எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஓடுமா என்றால், ஓடும். அதில் பொய் இல்லை. 1900ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே ஓட்டோ கம்பெனி ஒரு சிறிய டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை நிறைய விளைகிறதே, அதை வைத்தே அங்கே என்ஜின் ஓட்ட முடியுமா என்று பிரெஞ்சு அரசுக்கு ஒரு யோசனை. என்ஜினில் எந்த மாற்றமும் செய்யாமல் அது நன்றாக ஓடியது, அது எண்ணெயில் ஓடுகிறது என்பதே சிலருக்குத்தான் தெரிந்தது என்று டீசல் என்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் அது ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் நின்று ஓடிய என்ஜின். கண்காட்சி முடிந்ததும் அதை நிறுத்திவிடலாம். நம் வண்டி நாளைக்கும் ஓட வேண்டும், அடுத்த வருஷமும் ஓட வேண்டும், அதன் மேல் கடன் வேறு இருக்கிறது.

சிக்கல் முழுவதும் எண்ணெயின் கெட்டித்தன்மையில் இருக்கிறது. டீசலைவிடச் சமையல் எண்ணெய் பத்து மடங்குக்கும் மேல் கெட்டி. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தில் சூடேறிய காற்றுக்குள் நாசில் எரிபொருளைப் பனிப்புகை மாதிரி தூவினால்தான் அது தானாகப் பற்றும். கெட்டி எண்ணெய் அப்படித் தூவாது, பெரிய பெரிய துளியாக விழும், பாதி எரிந்தும் எரியாமலும் கரியாகப் படியும். மேட்டுப்பாளையத்தில் ஒரு பம்ப் நாசில் கடையில் இதைக் கண்ணால் பார்த்தேன். மலையில் வெயில் காலம் முழுக்கப் பழைய எண்ணெய் ஊற்றி ஓட்டிய ஒரு பிக்கப்பின் நாசில்கள் மேஜை மேல் இருந்தன. முனையைச் சுற்றிக் கறுப்பாக, நகத்தால் சுரண்டினால் வராத அளவுக்குக் கரி கட்டியிருந்தது. கடைக்காரர் ஒரு நல்ல நாசிலை டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினார், கிர்ரென்ற சத்தத்தோடு மெல்லிய புகையாக டீசல் பறந்தது. அப்புறம் அந்த வண்டியின் நாசிலை மாட்டி அழுத்தினார். சத்தமே இல்லை, ஒரு பக்கமாகக் கோடு போட்ட மாதிரி பீய்ச்சியடித்தது, நின்ற பிறகும் முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருந்தது. "பாருங்க தம்பி, அந்தச் சொட்டுத்தான் பிஸ்டனை ஓட்டை போடறது" என்றார் அவர்.

கேடு பிஸ்டனோடு நிற்பதில்லை. எரியாத எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, அடியில் என்ஜின் ஆயில் நிற்கிற சம்ப்புக்குள் இறங்கும். டீசல் இறங்கினாலாவது சூட்டில் கொஞ்சம் ஆவியாகிப் போகும், இது போகாது. என்ஜின் ஆயிலோடு கலந்து நாளாக ஆகக் கெட்டிப்பட்டுக் கூழாகிவிடும். ஆயில் பம்ப் அதை இழுக்க முடியாமல் திணறினால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, அப்படியானால் வீடியோவில் அந்த மனிதருக்கு மட்டும் எப்படி ஓடுகிறது? அவருடைய காரில் இருப்பது பழைய வகை என்ஜின். எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் விடாமல் ஒரு சின்ன முன்னறையில் தெளித்து அங்கே பற்றவைக்கும், பம்பும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக எரிபொருள் தள்ளுகிற இன்லைன் பம்ப். அந்த அமைப்பு கெட்டி எண்ணெயை ஓரளவு தாங்கும். நம்மிடமும் முன்னறை வைத்த என்ஜின்கள் இருந்தன. பெஜோ என்ஜின் வைத்த பழைய மஹிந்திரா ஜீப், டீசல் அம்பாசடர் எல்லாம் அப்படித்தான். ஆனால் இன்றைக்கு இலை ஏற்றுகிற வண்டிகளில் அது எத்தனை மிச்சம்? பெயருக்குப் பின்னால் டிஐ என்று எழுதியிருந்தாலே நேராக சிலிண்டருக்குள் தெளிக்கிற என்ஜின், அதில்தான் கரி சீக்கிரம் பிடிக்கும். சுழன்று எல்லா சிலிண்டருக்கும் ஒன்றே எரிபொருள் பிரித்து அனுப்புகிற ரோட்டரி பம்ப் உள்ள வண்டியில் பம்புக்கு உயவே அந்த எரிபொருள்தான், குளிரில் கெட்டி எண்ணெயை இழுக்கப் போய் அது இறுகி நின்றுவிடும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எரிபொருள் போகிற காமன் ரெயில் வண்டிக்காரர்கள் இந்த யோசனைப் பக்கமே வர வேண்டாம். 1600 பார், அதாவது நம்மைச் சுற்றியிருக்கிற காற்றழுத்தத்தைப் போல 1600 மடங்கு, அதற்கும் மேல் அழுத்தத்தில் தலைமுடியைவிடச் சின்ன இடைவெளியில் வேலை செய்கிற பம்பும் இன்ஜெக்டரும் அவை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டி என்றால் புகை வடிகட்டியும் சேர்ந்து அடைக்கும். வாரண்டி போய்விடும், ஒரு செட் இன்ஜெக்டர் மாற்றுகிற செலவில் மிச்சம் பிடித்த டீசல் காசு அத்தனையும் கரைந்துவிடும்.

இன்னொன்றையும் வீடியோ சொல்வதில்லை. அந்த ஊர்களில் டீசல் மேல் வரி அதிகம், சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய் மலிவாக இருந்த காலம் இருந்தது. அதனால்தான் அங்கே மக்கள் அதைத் தேடிப் போனார்கள். 2002ல் வேல்ஸில் வரி கட்டாமல் சமையல் எண்ணெயில் கார் ஓட்டியவர்களைப் போலீஸ் தேடிப் பிடித்ததெல்லாம் செய்தியில் வந்தது. பிறகு 2007ல் வருஷத்துக்கு 2,500 லிட்டர் வரை வரி வேண்டாம் என்று பிரிட்டன் அரசே விட்டுவிட்டது. இங்கே கணக்கு தலைகீழ். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து இறக்குகிற நாடு நாம், கடையில் புது பாமாயில் பாக்கெட்டே 100 ரூபாய்க்கு மேல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எண்ணெயில் சக்தியும் டீசலைவிடக் கொஞ்சம் குறைவு. புது எண்ணெயை ஊற்றி மிச்சம் பிடிக்க வழியே இல்லை.

மலிவாகக் கிடைப்பது ரேஷன் கடையில் கார்டுக்கு 25 ரூபாய்க்குக் கொடுக்கிற பாமாயில் ஒன்றுதான். குழுவில் ஒருவர் அதையும் கேட்டிருந்தார். அண்ணா, அது தோட்டத் தொழிலாளியின் லைன் வீட்டில் ஒரு மாதச் சமையல். அதை வாங்கிச் சேர்த்து வண்டியில் ஊற்றுவது சட்டப்படி குற்றம், அதற்கு முன்னால் அது ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து எடுப்பது. அந்தப் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆக மிச்சம் இருப்பது ஓட்டல்களிலும் பஜ்ஜிக் கடைகளிலும் பொரித்து முடித்த எண்ணெய். ஊட்டி, குன்னூர் சீசனில் இது கொஞ்சநஞ்சமாக வருவதில்லை. குளிருக்குச் சூடாக மிளகாய் பஜ்ஜி, சில்லி காலிஃபிளவர் கேட்காத டூரிஸ்ட் யார்? ஆனால் அந்த எண்ணெய் பெரும்பாலும் பாமாயில், அதில் சிக்கன் கொழுப்பும் இறங்கியிருக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் அதை ஊற்றி மார்கழி ராத்திரியில் ஜன்னலுக்கு வெளியே வைத்துப் பாருங்கள், நான் வைத்துப் பார்த்தேன். விடிந்து எடுத்தால் மேலே இரண்டு விரல் அளவு மஞ்சளாகத் தெளிவு, கீழே முழுக்க வெள்ளையாக உறைந்து, பாட்டிலைச் சாய்த்தால் மொத்தமும் ஒரே கட்டியாக நகர்ந்தது. பாமாயிலில் உறைகிற பகுதியை நீக்கி எடுக்கிற ஒலீன்கூட 10 டிகிரி வாக்கில் கலங்க ஆரம்பித்துவிடும். ஊட்டியில் உறைபனி விழுகிற காலத்தில் அது டேங்கிலிருந்து ஃபில்டர் வரைகூட வந்து சேராது. சூரியகாந்தி எண்ணெய் குளிரில் உறையாதே என்பீர்கள். உண்மைதான், ஆனால் சம்ப்பில் போய் சீக்கிரம் கூழாகிறதும் அந்த வகை எண்ணெய்தான். என்ஜினுக்குக் கொஞ்சம் ஒத்துவருகிறது குளிருக்கு ஒத்துவராது, குளிரைத் தாங்குகிறது என்ஜினைக் கெடுக்கும். மலையில் இருக்கிற நமக்கு இரண்டு பக்கமும் அடி.

இதற்குத்தான் இரண்டு டேங்க் வைப்பார்கள். டீசலில் கிளப்பி, என்ஜின் சூடானதும் ரேடியேட்டர் வெந்நீரை எண்ணெய் டேங்குக்கும் குழாய்க்கும் சுற்றவிட்டு, எண்ணெய் 70, 80 டிகிரிக்கு வந்து இளகிய பிறகு வால்வைத் திருப்பி, நிறுத்துவதற்குக் கொஞ்ச தூரம் முன்பே மறுபடி டீசலுக்கு மாற்றிக் குழாயைக் கழுவிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓடுகிறவர்களுக்கு இது சரிப்படும். இலை வண்டியின் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு இலை ஷெட்டில் நிறுத்தி எடை போட்டு மூட்டை ஏற்றி, அரை கிலோமீட்டர் போய் அடுத்ததில் நிறுத்தி, ஃபேக்டரி வாசலில் வரிசையில் ஐடிலில் நின்று, இப்படியே நாள் முழுக்க. என்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்த வேண்டிவரும். குறைந்த லோடிலும் ஐடிலிலும்தான் எண்ணெய் மிக மோசமாக எரியும், கரி கட்டுவதெல்லாம் அப்போதுதான். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கும்போதும் சிலிண்டர் ஆறிப்போகும். இவ்வளவு உயரத்தில் காற்றும் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு, டர்போ இல்லாத பழைய என்ஜின் டீசலுக்கே மூச்சு வாங்கும்.

பொரித்த எண்ணெயில் தண்ணீர், உப்பு, மாவுத்தூள் எல்லாம் இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. நாள்கணக்கில் தெளியவிட்டு, சூடாக்கி, அடியில் நிற்கிற தண்ணீரை இறக்கி, பிறகு மெல்லிய ஃபில்டரில் வடிக்க வேண்டும். சூடான வடச்சட்டியில் ஒரு கரண்டி விட்டால் சடசடவென்று வெடிக்கக் கூடாது, வெடித்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெயில் அமிலமும் ஏறியிருக்கும், அது பம்பின் உள்ளே அரிக்கும். துணியில் வடிகட்டினால் போதும் என்று சொல்கிறவர்கள் பம்பைப் பிரித்துப் பார்த்தவர்களாக இருக்க முடியாது.

எண்ணெயை பயோடீசலாக மாற்றிவிட்டால் இந்தக் கெட்டித்தன்மை போய்விடும். மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கினால் கிளிசரின் பிரிந்து கீழே நிற்கும், மேலே டீசல் அளவுக்கு இளகிய எரிபொருள் கிடைக்கும். வேதியியல் சின்னதுதான், வீட்டில் செய்கிற வேலை அல்ல. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது இதே மெத்தனால்தான். தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் அதை வாங்கி வைத்திருக்கவே கூடாது. பகல் வெளிச்சத்தில் அது எரிகிற தீ கண்ணுக்கே தெரியாது. கொட்டகையில் டிரம் வைத்துக் காய்ச்சலாம் என்று யாராவது சொன்னால், பிள்ளைகள் நடமாடுகிற வீடு அது என்று ஞாபகப்படுத்துங்கள். பாமாயிலில் செய்த பயோடீசலும் நம் குளிரில் உறையும். டீசலோடு நூற்றுக்கு ஐந்து பங்காகக் கலந்தால் அந்தத் தொல்லை இல்லை, 2018 உயிரி எரிபொருள் கொள்கையில் 2030க்கு வைத்திருக்கிற குறியும் அந்த 5 சதவீதம்தான்.

பழைய எண்ணெயை பயோடீசலாக்குவதற்கான ஏற்பாடு நாட்டில் ஏற்கனவே இருக்கிறது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, பொரித்த எண்ணெயை வேறு பயன்பாட்டுக்குத் திருப்ப 2018ல் ரூக்கோ என்று ஒரு திட்டம் தொடங்கியது. எண்ணெயில் கெட்டுப்போன பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது, ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிற இடங்கள் கணக்கு வைத்து, பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டும் கொடுக்க வேண்டும். அதில் செய்த பயோடீசலை எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் என்று 2019 ஆகஸ்டில் அறிவித்தபோது முதல் வருஷ விலை லிட்டருக்கு 51 ரூபாய். ஆனால் நம் மலையில் பெரும்பாலும் சின்னக் கடைகள்தான். 50 லிட்டர் கணக்குக்குள் வராது, இரண்டு டின் எண்ணெய்க்காகக் கீழேயிருந்து யாரும் மலையேறி வரவும் மாட்டார்கள். அந்த எண்ணெய் இன்னொரு தள்ளுவண்டிக்குக் கைமாறி மறுபடி சட்டியில் ஏறுகிறது, இல்லையென்றால் சாக்கடையில் போகிறது. கோத்தகிரி, குன்னூர் பக்கத்து ஓடைகள் பவானியிலும் மாயாற்றிலும் போய்ச் சேருகின்றன, கீழே அதைத்தான் குடிக்கிறார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். எண்ணெய் இருக்கிறது, வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நடுவில் ஏற்றி இறக்குகிற ஆள் மட்டும் இல்லை. அது நம் தொழில். காய்கறி லோடு தினமும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. வாரம் ஒரு நாள் நாலு தெருக் கடைகளின் டின்களைச் சேர்த்து ஒரு வண்டியில் இறக்கினால், அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி மலையேறி வர வேண்டியதில்லை, இறக்குகிறவருக்கும் ஒரு வாடகை. ஏஜென்சியிடம் அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா என்று பார்த்து, எடைக்கு ரசீது வாங்கினால் போதும். ரசீது இல்லாமல் கூடுதல் விலை கொடுக்கிறவரிடம் விற்கவே கூடாது, அவர் அதை எங்கே கொண்டுபோகிறார் என்று யோசிக்க அதிக நேரம் ஆகாது.

குழுவில் காய்கறி வண்டிக்காரர்கள் சிலர் இதற்குச் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். மார்க்கெட் பக்கத்துக் கடைக்காரர்களிடம் நான் பேசுகிறேன். குன்னூர், ஊட்டி பக்கம் கேட்டுப் பார்க்க முடிகிறவர்கள் எந்தக் கடையில் வாரத்துக்கு எத்தனை டின் தேறும் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் ஏஜென்சியிடம் விலை பேச முடியும்.